சேர்ந்து உட்காருவதும் சேர்ந்து கற்பதும்

பி.எட். முடித்து வேலைக்கு வந்த முதல் ஆண்டிலேயே ஒரு புதிய ஆசிரியர் எட்டாம் வகுப்பில் "எல்லாரும் குழுவாப் பிரிஞ்சு உட்காருங்க" என்று சொல்லிவிடுவார். அடுத்த பத்து நிமிடத்தில் என்ன நடக்கும் என்பது பள்ளியில் பழகியவர்களுக்குத் தெரியும். முன் பெஞ்சுக்காரர்கள் பின்னால் திரும்புவார்கள். சார்ட் அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் கையெழுத்து அழகாக உள்ள பெண்ணின் கைக்குப் போகும். முதல் மதிப்பெண் வாங்கும் பையன் புத்தகத்தைத் திறந்து வரிவரியாகச் சொல்ல, அவள் எழுதுவாள். இன்னொருத்தி ஸ்கேல் வைத்து ஓரம் கட்டுவாள். மீதி மூன்று பேரும் அட்டை சுருளாமல் மூலையைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள், இல்லையென்றால் பக்கத்துக் குழுவோடு பேசுவார்கள். மணி அடிக்கும்போது சுவரில் ஆறு சார்ட்டுகள் தொங்கும். பாடக் குறிப்பேட்டில் குழுச் செயல்பாட்டுக்கான இடமும் நிரம்பிவிடும். அந்த மூன்று பேர் அன்று என்ன கற்றார்கள் என்ற கேள்வி மட்டும் எங்கும் பதிவாகாது.

இதில் ஆசிரியரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கல்வியியல் கல்லூரியில் கூட்டுக் கற்றல் ஒரு பத்து மதிப்பெண் கேள்வி: வரையறை, நன்மைகள், குறைகள். கற்பித்தல் பயிற்சிக்குப் போன பள்ளியிலோ, வராந்தாவில் நடந்துவருபவர்கள் கவனித்தது வகுப்பு சத்தமில்லாமல் இருக்கிறதா என்பதைத்தான். பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்த பிறகு, ஒருவரை ஒருவர் நாடியே தீர வேண்டிய நிலையை எப்படி உண்டாக்குவது என்பதை அவருக்கு யாரும் செய்து காட்டியிருக்க மாட்டார்கள். 1949இல் உளவியலாளர் மார்ட்டன் டாய்ச் ஒத்துழைப்பு, போட்டி இரண்டையும் பற்றிய தன் கோட்பாட்டை வெளியிட்டதிலிருந்து இன்று வரை கூட்டுக் கற்றல் ஆய்வுகள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைத்தான் சுற்றி வந்திருக்கின்றன. அவற்றின் முடிவுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் போதாது. இந்த முறை எந்தக் காயத்துக்கு மருந்தாகப் பிறந்தது என்பதும் தெரிந்தால்தான் தமிழ்நாட்டு வகுப்பறைக்கு அது பொருந்தும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் அந்த மூன்று பேர். மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அவர்கள் செலுத்தும் விசையை அளந்தார். முடிவுகள் 1913இல் வெளியாயின. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, தனியாக இழுக்கையில் காட்டிய பலத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் ஒவ்வொருவரும் காட்டியிருந்தார்கள். 1979இல் லத்தானே, வில்லியம்ஸ், ஹார்கின்ஸ் என்ற மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் கைதட்டவும் கத்தவும் வைத்துச் சோதித்தபோதும் அதே போக்கு தெரிந்தது. தன் பங்கு கூட்டத்தில் கரைந்துவிடும் என்று தெரிந்தால் மனிதர்கள் அறியாமலேயே தளர்கிறார்கள். ஆறு பேருக்கு ஒரு சார்ட் கொடுத்த இடத்திலும் இதுவே நடக்கிறது. அதைப் பிள்ளைகளின் சோம்பல் என்று திட்டுவது வீண். வேலையை அமைத்த விதத்திலேயே அந்தத் தளர்ச்சிக்கு இடம் இருக்கிறது.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த ராபர்ட் ஸ்லாவின் தொண்ணூறுகளில், பள்ளிகளில் நடந்த கூட்டுக் கற்றல் ஆய்வுகளைத் தொகுத்து ஒப்பிட்டார். குழுவின் வெற்றி என்பது ஒவ்வொரு பிள்ளையும் தனியே கற்றதன் கூட்டுத்தொகை என்று அமைத்த ஆய்வுகள் 64. அவற்றில் 50, அதாவது 78 சதவீதம், வழக்கமான வகுப்பைவிடத் தெளிவாக மேலான பலன் காட்டின. எதிர்மறைப் பலன் ஒன்றில்கூட இல்லை. விளைவின் அளவை நடுமதிப்பாகச் சொன்னால் 0.32. குழுவாக ஒரே ஒரு பொருளைச் செய்து ஒப்படைக்கச் சொன்னவையும், குழுவுக்கென்று எந்தப் பாராட்டும் வைக்காதவையும் இன்னொரு பக்கம். அவற்றில் அந்த எண் 0.07, ஏறக்குறைய ஒன்றுமில்லை. சுவரில் தொங்கும் ஆறு சார்ட்டுகளும் இந்த இரண்டாவது வகை.

ஸ்லாவின் வகுத்த முறை எளிமையானது. ஆசிரியர் வழக்கம்போல் பாடம் நடத்துவார். பிறகு நான்கு பேர் கொண்ட கலப்புக் குழுக்கள் சேர்ந்து படிக்கும். தேர்வை எல்லாரும் தனித்தனியே எழுத வேண்டும். அங்கே ஒருவருக்கு ஒருவர் உதவ முடியாது. குழுவுக்குப் புள்ளி சேர்வது மதிப்பெண்ணை வைத்து அல்ல, அவரவருடைய முந்தைய சராசரியைத் தாண்டிய அளவை வைத்து. எப்போதும் 90 வாங்குகிற பிள்ளை மறுபடி 90 வாங்குவதைவிட, 25 வாங்குகிற பிள்ளை 40 வாங்குவது குழுவுக்கு அதிகம் தரும். அதுவரை சுமையாகத் தெரிந்த பிள்ளைக்குச் சொல்லித் தருவதில் முதல் மாணவனுக்கு இப்போது ஒரு காரணம் கிடைக்கிறது.

சொல்லித் தருவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் நோரீன் வெப், குழுக்களில் பிள்ளைகள் பேசுவதைப் பதிவு செய்து பல ஆண்டுகள் ஆராய்ந்தார். விளக்கம் சொல்கிற பிள்ளை நன்றாகக் கற்கிறது. உதவி கேட்டு வெறும் விடையை மட்டும் வாங்கிக்கொள்கிற பிள்ளைக்குப் பலன் இல்லை. பல ஆய்வுகளில் அத்தகைய பிள்ளைகள் பின்தங்கியே இருந்தார்கள். "எட்டாவது கணக்குக்கு விடை என்ன?" "நாற்பத்திரண்டு." நம் வகுப்புகளில் குழுவேலை என்ற பெயரில் நடக்கும் பேச்சில் பாதி இப்படித்தான். ஆகவே புதிய ஆசிரியர் முதல் வாரத்தில் பழக்க வேண்டியது ஒன்றே ஒன்று: விடையைச் சொல்லாதே, அது எப்படி வந்தது என்று சொல், கேட்பவன் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லும்வரை விடாதே. இதைப் பழக்க ஆறு பேர் குழு வேண்டாம். பக்கத்தில் இருப்பவரோடு ஜோடி சேர்ந்தால் போதும், பெஞ்சை நகர்த்தவும் தேவையில்லை.

இதுவரை சொன்னது மதிப்பெண் கணக்கு. கூட்டுக் கற்றலின் மிகப் புகழ்பெற்ற வடிவம் பிறந்த இடம் வேறு.

1954 மே மாதம், அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிரவுன் வழக்கில், கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளையினப் பிள்ளைகளையும் வெவ்வேறு பொதுப் பள்ளிகளில் பிரித்து வைப்பது அரசமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஹார்வர்டின் கார்டன் ஆல்போர்ட், இன வெறுப்பு குறித்த தன் புகழ்பெற்ற நூலில் ஓர் எச்சரிக்கை வைத்தார். இரு தரப்பாரை ஒரே இடத்தில் வைத்துவிட்டால் மட்டும் வெறுப்பு குறையாது. அவர்கள் அங்கே சம நிலையில் இருக்க வேண்டும், பொதுவான இலக்கு வேண்டும், அதை எட்ட ஒருவருக்கு ஒருவர் தேவைப்பட வேண்டும், மேலே உள்ள அதிகாரம் அதை வெளிப்படையாக ஆதரிக்க வேண்டும். அந்தக் கோடையில்தான் உளவியலாளர் முசாஃபர் ஷெரிஃப், ஓக்லஹோமாவின் ராபர்ஸ் கேவ் பூங்காவில் நடந்த முகாமில் 22 சிறுவர்களை இரண்டு அணியாகப் பிரித்துப் போட்டி வைத்தார். சில நாளிலேயே அடிதடி வரை போனது. ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வைத்தபோது சாப்பாட்டை ஒருவர் மேல் ஒருவர் வீசினார்கள். முகாமுக்கு வரும் தண்ணீர் நிற்பது, வண்டி கிளம்பாமல் எல்லாரும் கயிறு கட்டி இழுக்க வேண்டி வருவது போன்ற நிலைகளை அடுத்தடுத்து உண்டாக்கிய பிறகே பகை தணிந்தது.

டெக்ஸாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரப் பள்ளிகள் இந்தப் பாடத்தை 1971இல் கண்ணெதிரே கண்டன. வெள்ளையர், கறுப்பினத்தவர், மெக்சிகோ வம்சாவளியினர் என மூன்று தரப்புப் பிள்ளைகளும் முதன்முறையாக ஒரே வகுப்பில் அமர்ந்தார்கள். சில வாரங்களில் பள்ளி வளாகங்களில் கைகலப்பு தொடங்கியது. டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த எலியட் ஆரன்சனைக் கல்வித் துறை உதவிக்கு அழைத்தது. அவரும் ஆய்வு மாணவர்களும் முதலில் செய்தது, வகுப்பின் பின்னால் உட்கார்ந்து பார்த்ததுதான். ஆசிரியர் கேள்வி கேட்கிறார். சில கைகள் ஆவேசமாக உயர்கின்றன. ஒருவரை எழுப்பியதும் மற்றவர்கள் முகம் சுருங்குகிறது. எழுந்தவர் தவறாகச் சொன்னால் மறுபடி கைகள் உயர்கின்றன. அடுத்தவன் தோற்றால்தான் எனக்கு வாய்ப்பு. இதுவரை வசதி குறைந்த பள்ளிகளில் படித்து, ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைகள் இந்தப் பந்தயத்தில் கை தூக்குவதே இல்லை. நிலைமையை மோசமாக்குவது இந்தப் போட்டி அமைப்புதான் என்று ஆரன்சன் முடிவுக்கு வந்தார்.

அவர் வடிவமைத்ததுதான் ஜிக்ஸா முறை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஆறு ஆறு பேராகப் பிரித்தார். பாடம், பத்திரிகையாளர் ஜோசப் புலிட்சரின் வாழ்க்கை. அதை ஆறு பத்திகளாக வெட்டி, குழுவில் ஒருவருக்கு ஒரு பத்தி மட்டும் தந்தார். மற்ற ஐந்து பத்திகளில் இருப்பதை அறிய வேண்டுமானால் மற்ற ஐந்து பேர் வாயிலிருந்து கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை. பிறகு எல்லாருக்கும் தனித் தேர்வு. மெக்சிகோ வம்சாவளிச் சிறுவன் ஒருவனை ஆரன்சன் விவரித்திருக்கிறார். வகுப்பில் வாய் திறக்காமல் இருப்பதே பாதுகாப்பு என்று கற்றிருந்தவன். தன் பத்தியைச் சொல்லும் முறை வந்ததும் திக்கினான். மற்றவர்கள் கேலி செய்தார்கள். அங்கே இருந்த ஆய்வு உதவியாளர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. கேலி செய்தால் புலிட்சரின் வாழ்வில் அந்தப் பகுதி உங்களுக்குத் தெரியாமலே போகும், சற்று நேரத்தில் தேர்வு இருக்கிறது என்று மட்டும் நினைவூட்டினார். சில நாளில் பிள்ளைகள் அவனிடம் நல்ல கேள்விகள் கேட்கப் பழகினார்கள். கேள்வி வரவர அவனுக்குப் பேச்சும் வந்தது.

சில வாரங்களுக்குப் பின் பார்த்தபோது, ஜிக்ஸா வகுப்புப் பிள்ளைகள் தங்கள் குழுவினரை முன்பைவிட அதிகம் விரும்பினார்கள், தங்களைப் பற்றிய மதிப்பும் உயர்ந்திருந்தது. சிறுபான்மைப் பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண் கூடியது. வெள்ளையினப் பிள்ளைகளின் மதிப்பெண் குறையவில்லை. நம் பயிற்சிக் கட்டகங்களுக்கு வந்து சேரும்போது இந்த வரலாறு உதிர்ந்து, ஜிக்ஸா என்பது ஓர் 'உத்தி' ஆகிவிட்டது. நமக்கு மிகவும் தேவையான பாதி அந்த உதிர்ந்த பாதிதான்.

2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவர் ஒருவர் தன் வீட்டுக்குள்ளேயே அரிவாளால் வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். வெட்டியவர்கள் அவரோடு அதே பள்ளியில் படித்தவர்கள். அதன் பின் தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. அறிக்கை 2024 ஜூனில் வந்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளம் நீக்கம் ஆகிய பரிந்துரைகளோடு, வகுப்பில் அகர வரிசைப்படி மாணவர்களை உட்கார வைக்க வேண்டும் என்பதும் அதில் இருந்தது. கைக்கயிறு பற்றி விவாதம் நிறைய நடந்தது. உட்காரும் வரிசை பற்றி அவ்வளவு பேசப்படவில்லை.

அகர வரிசை அவசியம். தெருவாரியாக, சாதிவாரியாக நண்பர்கள் கூடி உட்காருவதை அது உடைக்கிறது. ஆனால் ஆஸ்டினில் 1971இல் நடந்தது இந்த முதல் படி மட்டும்தான்: உடல்கள் அருகருகே வந்தன. அருகே உட்கார்ந்தவனோடு எந்த வேலையும் இல்லாமல், அவனை முந்துவது மட்டுமே வேலையாக இருக்கும் வகுப்பில், நெருக்கம் பகையையும் வளர்க்கும். நம் பாடநூல்கள் தீண்டாமையைக் கண்டிக்கும் வாசகத்தை முன்பக்கத்தில் ஏந்தித்தான் வருகின்றன. அதே புத்தகத்தை வைத்துப் பிள்ளைகள் எப்படிச் சேர்ந்து வேலை செய்கிறார்கள் என்பதில்தான் அந்த வாசகத்துக்கு உயிர் வர வேண்டும். மாணவனுக்கு மாணவன் தேவைப்படும் பாடவேளையை அமைப்பது அறவுரை வகுப்பைவிடக் கடினமான வேலை. அதைச் செய்யும் இடத்தில் இருப்பவர் வகுப்பாசிரியர்தான்.

நம் ஊரில் இதற்கு முன்னோடி இல்லையா என்று கேட்கலாம். உண்டு, ஆனால் அதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல் 1789இல் சென்னை எழும்பூரில் இருந்த படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான இல்லத்துக்குப் பொறுப்பேற்றார். உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவர முயன்றார். உதவி ஆசிரியர்கள் ஒத்துழைக்காததால் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டே மற்றவர்களுக்கு எழுத்துக் கற்பிக்க வைத்தார். அந்த அனுபவத்தை 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் 'மெட்ராஸ் முறை' இங்கிலாந்தெங்கும் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர். நம் திண்ணைப் பள்ளிகளின் சட்டாம்பிள்ளையும் இந்த மரபைச் சேர்ந்தவன். ஆனால் அதில் அறிவு ஒரே திசையில்தான் போகிறது. தெரிந்தவன் சொல்கிறான், தெரியாதவன் வாங்கிக்கொள்கிறான். வாத்தியாரின் பிரம்பும் சட்டாம்பிள்ளைக்குக் கைமாறுகிறது. இன்றைய 'குரூப் லீடர்' பல வகுப்புகளில் பழைய சட்டாம்பிள்ளைதான். பேசுபவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதும் அதிகாரம் அவனிடம் இருக்கும்வரை குழுவில் யாரும் அவனுக்குச் சமம் ஆக முடியாது. புதிய ஆசிரியர் கூட்டுக் கற்றலைத் தொடங்கும் நாளில் நிரந்தர லீடர் பதவியை எடுத்துவிடுவது நல்லது.

2003 வாக்கில் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுக்க 1 முதல் 4 வரையான வகுப்புகளுக்கு விரிந்த செயல்வழிக் கற்றல் வேறு ஒரு வழியைக் காட்டியது. மதனப்பள்ளி அருகே ரிஷிவேலியில் உருவான அட்டை முறையைத் தழுவி, ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.பி. விஜயகுமார் முன்னின்று கொண்டுவந்தது. ஆசிரியர் தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். ஆசிரியரின் முழு உதவியோடு கற்கும் குழு, பகுதி உதவியோடு கற்கும் குழு, சக மாணவர் உதவியோடு கற்கும் குழு என்று பிள்ளைகள் நாள்தோறும் இடம் மாறினார்கள். அது பெரிய சாதனை; ஆனால் அதன் ஏணியில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் தனியே ஏறியது. ஒருவர் இல்லாமல் மற்றவர் முடிக்க முடியாத வேலை என்பது அதில் குறைவு.

சரி, ஒருவர் இல்லாமல் ஒருவர் முடிக்க முடியாத பாடவேளை எப்படி இருக்கும்? எட்டாம் வகுப்பு அறிவியலில் நுண்ணுயிரிகள் பாடத்தை எடுத்துக்கொள்வோம். பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை, பாசி, புரோட்டோசோவா என்று அதுவே ஐந்தாகப் பிரிந்து நிற்கிறது. வகுப்பில் 40 பேர். எண் சொல்ல வைத்துப் பிரித்தால் ஐந்து பேராக எட்டுக் குழு. இவை தாய்க் குழுக்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் உயிரி. ஒரே உயிரி கிடைத்தவர்கள் முதலில் ஒன்றுகூடிப் படிக்க வேண்டும். எட்டுப் பேர் கூடினால் மறுபடி இருவர் பேசி ஆறு பேர் கேட்பார்கள். ஆகவே நான்கு நான்காகப் பிரிக்க வேண்டும். இங்கேதான் புதிய ஆசிரியர்கள் பலர் இடறுவார்கள். எட்டாம் வகுப்பிலும் சரளமாக வாசிக்க முடியாத பிள்ளைகள் உண்டு. அந்தப் பிள்ளையின் கையில் வைரஸ் பகுதியைக் கொடுத்து அனுப்பிவிட்டால், தாய்க் குழுவில் அவனும் அவமானப்படுவான், மற்ற நால்வருக்கும் வைரஸ் பாடம் போய்விடும். நால்வரில் ஒருவர் வாய்விட்டு வாசிக்க, ஒவ்வொரு பத்தி முடிந்ததும் வேறொருவர் சொந்தச் சொல்லில் சொல்ல, ஆசிரியர் தந்த மூன்று கேள்விக்கு நால்வரும் தனித்தனியே விடை சொல்லிப் பழகிய பிறகே கலைய வேண்டும். ஸ்லாவின் இன்னொரு பாதுகாப்பையும் சேர்த்தார்: பாடம் முழுவதையும் எல்லாரும் ஒருமுறை வாசித்துவிட்டு, பிறகு ஆளுக்கொரு பகுதியில் தேர்ச்சி பெறுவது.

தாய்க் குழுவுக்குத் திரும்பியதும் ஒவ்வொருவரும் தன் பகுதியைச் சொல்வதோடு நின்றால் அது ஐந்து சின்னச் சொற்பொழிவு. ஐந்தையும் சேர்த்தால்தான் விடை வரும் கேள்வி ஒன்று வேண்டும். உதாரணமாக: மலேரியா, டைஃபாய்டு, டெங்கு, படர்தாமரை என்று நான்கு பேர் மருத்துவரிடம் போகிறார்கள், நால்வருக்கும் ஒரே மாத்திரை ஏன் எழுத முடியாது? மலேரியாவுக்குப் புரோட்டோசோவா படித்தவர் வேண்டும், டைஃபாய்டுக்குப் பாக்டீரியா படித்தவர், டெங்குவுக்கு ஆன்டிபயாடிக் ஏன் வேலை செய்யாது என்று சொல்ல வைரஸ் படித்தவர், படர்தாமரைக்குப் பூஞ்சை படித்தவர். இந்தக் கேள்வியில் பாசி படித்தவருக்கு வேலை இல்லை என்பதை ஆசிரியர் முன்கூட்டியே கவனித்து, இரண்டாவது கேள்வியை அவரைச் சுற்றி அமைக்க வேண்டும். இத்தகைய கேள்வி எழுத முதல் முறை ஒரு மாலை முழுவதும் ஆகும். சார்ட் வாங்கச் செலவாகும் நேரத்தை இங்கே செலவிடலாம்.

இவ்வளவு சரியாக அமைத்தாலும் ஒன்று மிஞ்சும். யார் பேச்சுக்குக் குழுவில் மதிப்பு? ஸ்டான்ஃபோர்டின் சமூகவியலாளர் எலிசபெத் கோஹென் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தக் கேள்விக்குக் கொடுத்தார். படிப்பில் கெட்டி என்று பெயர் வாங்கிய பிள்ளையும், வகுப்பில் செல்வாக்குள்ள பிள்ளையும் குழுவில் அதிகம் பேசுகிறார்கள். அதிகம் பேசுபவர் அதிகம் கற்கிறார். மதிப்புக் குறைந்தவராகக் கருதப்படும் பிள்ளை சரியான விடையைச் சொன்னாலும் காதில் விழுவதில்லை, பொருட்கள் அவர் கைக்கு வருவதில்லை. சமூகத்தில் உள்ள ஏற்றத்தாழ்வு ஐந்து பேர் குழுவுக்குள் அப்படியே வந்து உட்கார்ந்துவிடுகிறது. கவனிக்காமல் விட்ட குழுவேலை அதைக் கூட்டவும் கூடும். நம் வகுப்புகளில் சாதி, ஆண்-பெண், ரேங்க் மூன்றும் இதைச் செய்கின்றன. பொதுத்தேர்வில் ரேங்க் வெளியிடுவதை அரசு 2017இல் நிறுத்திவிட்டாலும் வகுப்புக்குள் யார் எத்தனையாவது என்பது எல்லாருக்கும் மனப்பாடம்.

கோஹென் சொன்ன மருந்துகளில் ஒன்றை நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன். குழுக்கள் வேலை செய்யும்போது ஆசிரியர் சுற்றி வந்து, யாரும் கவனிக்காத பிள்ளை செய்யும் ஓர் உண்மையான, அந்த வேலைக்குத் தேவையான காரியத்தைக் கண்டுபிடித்து, அது என்ன, ஏன் பயன்படுகிறது என்று எல்லார் முன்னிலும் சொல்ல வேண்டும். வெறும் 'வெரி குட்' பயன்படாது. பாக்டீரியா குழுவில் ஒரு பையன், வீட்டில் மாவு அரைத்து விற்பதால், சித்திரையில் சில மணி நேரத்தில் பொங்கும் மாவு மார்கழியில் விடியும்வரை பொங்காது என்று முணுமுணுக்கிறான். யாரும் கேட்கவில்லை. ஆசிரியர் கேட்டார் என்றால் இப்படிச் சொல்லலாம்: "இவன் சொன்னதைக் கவனிச்சீங்களா? குளிர்ல மாவு பொங்க நேரமாகுதுன்னா பாக்டீரியா பெருகுறது வெப்பத்தைப் பொறுத்ததுன்னு அர்த்தம். பாலை ஏன் பிரிட்ஜ்ல வைக்கிறோம்ங்கிற உங்க மூணாவது கேள்விக்கு விடை இவன்கிட்டதான் இருக்கு, இவனைக் கேளுங்க." பொய்ப் பாராட்டைப் பிள்ளைகள் உடனே கண்டுகொள்வார்கள், உண்மை என்பதால் இது வேலை செய்கிறது. இதற்கு ஆசிரியர் குழு நேரத்தில் திருத்த நோட்டு எடுக்காமல், நின்று காதைக் கொடுக்க வேண்டும்.

ஜிக்ஸாவை எல்லாவற்றுக்கும் மருந்தாகக் கொள்வதும் தவறு. 2022இல் வெளியான ஓர் ஆய்வில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் பள்ளி மாணவர்களிடம் ஐந்து சோதனைகள் நடத்தி, ஜிக்ஸாவால் கற்றலில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணவில்லை. ஆஸ்டின் முடிவுகளை மட்டும் வைத்து வாக்குறுதி தருபவர்கள் இதையும் சொல்ல வேண்டும். படிப்படியாகக் கட்டப்படும் கணக்குப் பாடத்துக்கு ஜிக்ஸா பொருந்தாது. இரண்டாம் படி தெரியாமல் மூன்றாம் படியை ஒருவர் எப்படிக் கற்பார்? அங்கே ஜோடி முறையும், முன்னேற்றப் புள்ளி தரும் ஸ்லாவின் முறையும் மேல். பத்தாம் வகுப்பில் டிசம்பருக்குள் போர்ஷன் முடிக்க வேண்டிய நெருக்கடியில் இதைத் தொடங்கக் கூடாது. ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளில், ஜூன் மாதத்தில், வாரம் ஒரு பாடவேளை என்று தொடங்குவதுதான் நடக்கக்கூடியது. சத்தம் வரும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடமும் தலைமையாசிரியரிடமும் முன்பே சொல்லிவைத்தால் அந்தச் சத்தம் குற்றமாகாது.

சந்துரு குழு அறிக்கையை நடைமுறைப்படுத்தும்போது, உட்காரும் வரிசையோடு சேர்த்து அரசு செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, அறிவியலிலும் சமூக அறிவியலிலும் பருவத்துக்கு இரண்டு பாடங்களை மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் இந்த முறைக்கு முழுதாக எழுதித் தரலாம்: பிரித்த அட்டைகள், நால்வர் குழுவுக்கான கேள்விகள், ஐவரும் சேர்ந்தால்தான் விடை வரும் ஒரு கேள்வி, தனித் தேர்வு. வட்டார வள மையப் பயிற்சியில் கருத்தாளர் அதைத் திரையில் போட்டுக் காட்டாமல், ஆசிரியர்களையே எண் சொல்லிப் பிரித்து, வெவ்வேறு ஊர்க்காரர்களோடும் சாதிக்காரர்களோடும் உட்கார வைத்து, ஒரு பாடத்தை அப்படியே கற்க வைக்கலாம். ஆண்டுத் தொடக்கப் பயிற்சியில் ஒரு முழு நாளை இதற்கென ஒதுக்கினால், ஜூனில் வகுப்புக்குள் நுழையும் புதிய ஆசிரியரின் கையில் ஒரு பாடமாவது தயாராக இருக்கும்.